வியாழக்கிழமை பன்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குப்பை லாரி வரும். அன்று லாரிக்கு முன்னால் காக்கைகள் வந்துவிட்டன.

அந்த வாரம் சந்தின் குப்பை முறை மிட்சுயோவுடையது. முறைப்பலகை ஞாயிறு சாயங்காலமே அவள் வாசல் கம்பியில் வந்து தொங்கிவிட்டது. முறை வந்த வீட்டாருக்கு மலையைப் பெயர்க்கும் வேலை ஒன்றும் இல்லை. மூட்டைகளின் மேல் நீல வலையை இழுத்துப் போர்த்தவேண்டும், லாரி போனபிறகு இடத்தைக் கழுவிவிடவேண்டும், அவ்வளவுதான். வலையைப் போர்த்திவிட்டுத்தான் அவள் தேநீர் குடிக்கப் போனாள். ஆனால் தகாஓகா ஊர்க் காக்கைகளுக்கு வலையெல்லாம் ஒரு பொருட்டா? ஓரத்தைத் தூக்கி, ஒரு மூட்டையை வெளியே இழுத்து, வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததையெல்லாம் தெருவில் கடை பரப்பியிருந்தன.

"சூ! போ! வெக்கங்கெட்ட ஜென்மங்களா!" என்று துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடினாள். அறுபத்தெட்டு வயதில் அந்த ஓட்டமே பெரிய விஷயம்.

முட்டை ஓடு, மீன் முள், ஈரத் தேயிலை. நடுவில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று. காக்கை அதையும் குத்திக் கிழித்திருந்தது. அதிலிருந்து ஒரு பன் உருண்டு வந்து சாக்கடை மூடியின் மேல் கிடந்தது. பொட்டலத்துக்குள் இன்னொன்று.

மிட்சுயோ குனிந்து எடுத்தாள். உச்சியில் பெருவிரல் பதித்த குழி. குழிக்குள் உப்பில் ஊறிய செர்ரிப் பூ ஒன்று. நேற்று மத்தியானம் அவளே அழுத்திய குழி, அவளே வைத்த பூ. இரண்டு பன்னும் முழுசாக இருந்தன. ஒரு பல் கூடப் பட்டிருக்கவில்லை. மூன்று மணிக்குச் சூடாகக் கொடுத்ததை மறுநாள் காலை வரைகூட வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கோ மனசு வரவில்லை.

 யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். தப்புச் செய்தது அவள் இல்லை. ஆனாலும் பயந்தது அவள்தான். பன்களை மறுபடி தாளில் சுற்றி, வேறொரு மூட்டையின் அடியில் திணித்து, தெருவைக் கூட்டி, வலையை இழுத்து மூடினாள். லாரிக்காரர்கள் வந்தபோது எப்போதும் போலத் தலை வணங்கிக் காலை வணக்கம் சொன்னாள்.

அந்த முட்டுச்சந்தில் மொத்தமே நாலு வீடு. மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவர் கென்சாகு இறந்து, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் முடிந்த பிறகு, வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று. மகன் யோஷிகி நாகோயாவில். அப்போதுதான் அவள் பன் சுட ஆரம்பித்தாள். வியாழக்கிழமை தோறும் எட்டு பன். சிவப்புப் பயற்றை வேகவைத்து, முதல் தண்ணீரைக் கசப்புப் போகக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறி, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. மாவைக் காதுமடல் பதத்துக்குப் பிசைந்து, பூரணத்தை உள்ளே வைத்து மூடி, உச்சியில் பெருவிரலால் ஒரு குழி. குழி போடாவிட்டால் அடுப்பில் ரொட்டி மேலே எழும்பிவிடும், பூரணம் கீழே தங்கிவிடும், நடுவில் வெறும் காற்று நிற்கும்.

எட்டில் இரண்டு அவளுக்கு. அதில் ஒன்று கென்சாகுவின் படத்துக்கு முன்னால் வைத்த பிறகு. மற்ற வீடுகளுக்கு டப்பாவில் போட்டு இரண்டிரண்டு. பக்கத்து வீட்டு ஃபுசாகோ முப்பது வருஷத்துச் சிநேகிதி. எதிர்வீட்டில் கைக்குழந்தைக்காரி மியாஜிமா. சந்துக் கடைசியில் இவபுச்சி கிழவர், மனைவியைப் பறிகொடுத்தவர், எண்பது வயது, சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர்.

உண்மையில், அந்தப் பன்களை நம்பித்தான் மிட்சுயோ எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். திங்கள் பயறு வாங்குவாள், புதன் வேகவைப்பாள், வியாழன் சுடுவாள், வெள்ளியும் சனியும் டப்பாக்கள் திரும்பி வரும். வாரத்தில் மீதி இருப்பது ஞாயிறும் செவ்வாயும். அவற்றை எப்படியோ தள்ளிவிடலாம்.

இப்போது அவளுக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். தூக்கிப் போட்டது யார்?

சந்தேகம் நேராகப் போய் இவபுச்சியின் வாசலில் நின்றது. அவரைவிட்டால் வேறு யார்? டப்பாவை நீட்டினால் "ம்" என்பார், கதவைச் சாத்துவார். கொடுத்த டப்பாவை வெறுமனே திருப்பித் தருவது அந்தச் சந்தில் யாரும் செய்யாத காரியம். ஒரு ஆரஞ்சு, நாலு தேயிலைப் பொட்டலம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இவபுச்சியின் டப்பா மூன்று வருஷமாகக் காலியாகத்தான் அவள் வாசல் கம்பிக்கு வந்துகொண்டிருந்தது. கழுவித் துடைத்திருக்கும், அதுவரைக்கும் சரி.

ஃபுசாகோவாக இருக்காது. இருக்கவே கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்து, "இப்படி ஒரு பூரணம் கடையில கெடைக்குமா?" என்று வாய் ஓயாமல் சொல்கிறவள் அவள். போன இலையுதிர் காலத்தில்கூட, "இனிமே வேணாம் மிட்சுயோ சான், உங்களுக்குத்தான் வீண் சிரமம்," என்று ரெண்டு தடவை சொன்னாள். எவ்வளவு மரியாதை! கொடுக்கிறதை முதலில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அதனால் மிட்சுயோ அடுத்த வாரம் பூரணத்தை இன்னும் ஒரு கரண்டி கூட வைத்தாள்.

நாலு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை பயறு வேகவைக்க அடுப்புப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பூரணமே வைக்காமல் கொடுத்தால்? தின்றவருக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தால் ஏதாவது கேட்காமல் இருப்பார்களா? ஒருவரும் கேட்காத வீடு எதுவோ, அதுதான் அந்த வீடு.

கள்ளத்தனமான யோசனைதான். அவளுக்கே முகம் சுட்டது. ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

வியாழக்கிழமை மழை. பயறு வேகும் வாசனை இல்லாமல் அடுக்களை யாரோ அந்நியர் வீடு போலிருந்தது. மாவை மட்டும் பிசைந்தாள். கையில் எடுத்தவுடன் எடை காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு உருண்டைக்கும் மாவைக் கூட்டி வைத்தாள். உருட்டி, வழக்கம்போல உச்சியில் பெருவிரலை அழுத்தினாள். விரல் இறங்கியது. அடியில் தடுக்க எதுவும் இல்லை. பூவை வைத்தாள், முட்டை பூசினாள், அடுப்பில் ஏற்றினாள். பன்கள் எப்போதும்போல் பழுப்பாகப் பளபளவென்று வந்தன. பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது.

கென்சாகுவுக்கும் அதில் ஒன்றைத்தான் வைத்தாள். "இந்த ஒரு தடவை பொறுத்துக்குங்க," என்று படத்துக்கு முன்னாலிருந்த சின்ன மணியைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை குப்பை இடத்துப் பக்கமே அவள் போகவில்லை. முறைப்பலகை எதிர்வீட்டுக்குப் போயிருந்தது. சாயங்காலம் மியாஜிமா முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, டப்பாவில் ரெண்டு லொக்கட் பழத்தோடு வந்தாள். மிட்சுயோவை அவள் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"உட்சுமி சான், நேத்து பன் பிரமாதம்! அந்தப் பூரணம் இருக்கே, என்னமா இருந்துச்சு! எங்க வீட்டுக்காரர் ஒரே வாயில முழுங்கிட்டாரு. எனக்குப் பாதிதான் கெடச்சுது, பாத்துக்குங்க."

மிட்சுயோ அவள் முகத்தையே பார்த்தாள். பாவம், கள்ளம் இல்லாத முகம். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம்.

"அப்படியா, சந்தோஷம்மா," என்றாள். உள்ளே வந்து பழங்களைத் தட்டில் வைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆக, இந்தப் பெண்தான். சின்னஞ்சிறுசு, பயறு பிடிக்காதோ என்னவோ. சொல்ல வாய் வராமல் தவித்திருக்கும். போகட்டும். ஃபுசாகோ இல்லை, அது போதும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஃபுசாகோ வந்தாள். டப்பாவில் இஞ்சி ஊறுகாய். வாசற்படி மேடையில் உட்கார்ந்து தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினாள், கணவரின் கால் வலியைப் பற்றிப் பேசினாள், மியாஜிமா வீட்டுக் குழந்தை அழுவதைப் பற்றிப் பேசினாள். பன்னைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.  கேளேன், ஒரு வார்த்தை கேட்டுவிடேன் என்று மிட்சுயோ மனசுக்குள் கெஞ்சினாள்.

ஃபுசாகோ கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லணும். நீங்க கோச்சுக்கக் கூடாது."

"நான் ஏன் கோச்சுக்கப் போறேன்?" மிட்சுயோ கிட்டத்தட்டச் சிரித்தேவிட்டாள். "சொல்லுங்க, சொல்லுங்க."

"முப்பது வருஷப் பழக்கம், அந்த உரிமையிலதான் சொல்றேன்."

"அட, சொல்லுங்கன்னா!"

"இந்தத் தடவை பூரணத்துல சக்கரை ஒரு சிட்டிகை கூடிப்போச்சு. ஆனா அதுவும் ஒரு ருசியாத்தான் இருந்துச்சு."

வாசலில் மழை பெய்துகொண்டே இருந்தது. மிட்சுயோ தேநீர்க் கெட்டிலைத் தூக்கினாள். ஃபுசாகோவின் கோப்பை நிரம்பித்தான் இருந்தது, அதனால் திரும்ப வைத்தாள்.

"அடுத்த தடவை கொறச்சுப் போடறேன்," என்றாள்.

ஃபுசாகோ போன பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. கணவரின் கால் வலி. போன இலையுதிர் காலத்தில் அவருக்குச் சர்க்கரை முற்றிக் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போனவள் கையில் பழம் கொண்டுபோனாள். அந்த வியாழனும் பன் கொடுத்தாள். அதே நாட்களில்தான் ஃபுசாகோ 'இனிமே வேணாம்' என்று ரெண்டு தடவை சொன்னது. மரியாதைக்குச் சொன்னதில்லை அது. வேண்டாம் என்றுதான் சொன்னாள். கேட்கத் தெரியாதவள் மிட்சுயோதான். ஆனால் மூன்றாம் தடவை சொல்லியிருக்கலாமே! தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாமே! அதை விட்டுவிட்டு வாரா வாரம் வந்து உட்கார்ந்து ருசியைப் புகழ்ந்துவிட்டுப் போனாளே. புருஷனை இழந்தவள், பன் சுட்டுத்தான் நாளைத் தள்ளுகிறாள், விடு என்று நினைத்திருப்பாள். எதிர்வீட்டுக்காரியும் அதையேதான் நினைத்திருப்பாள். ரெண்டு பேரும் கலந்து பேசியும் இருப்பார்கள்.

தன்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. வெறுத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுக்களையில் உட்கார்ந்து, துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. வாசலில் இவபுச்சி. மூன்று வருஷத்தில் அவர் அவள் வீட்டு மணியை அடித்தது அதுவே முதல் தடவை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கைக்குட்டையில் பொதிந்த பாதிப் பன்.

"உட்சுமி சான். இது என்ன?"

"என்னங்க?"

"உள்ள ஒண்ணுமே இல்ல."

மிட்சுயோ கைக்குட்டையில் இருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் இல்ல. வியாழக்கிழமை என் பங்கைத் தின்னேன், வெறும் ரொட்டி. சரி, ஒண்ணு தவறிப்போச்சுன்னு இருந்துட்டேன். என் சம்சாரம் கிக்கு படத்துக்கு முன்னால வெச்சதை இப்பத்தான் எடுத்துப் பிச்சேன். அதுலயும் இல்ல." அவர் குரலில் சண்டை இல்லை. "மூணு வருஷமாத் தின்னுட்டு வர்றேன். பெப்ரவரியில ஒருக்கா உப்புத் தூக்கலாப் போச்சு. ஏப்ரல்ல ஒருக்கா பயறு கொஞ்சம் நறுக்நறுக்குன்னு இருந்துச்சு. அதெல்லாம் சகஜம். ஆனா வைக்கவே மறந்ததில்ல."

பெப்ரவரியில் உப்பு கூடியது உண்மை. அது அவளுக்கும் கென்சாகுவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். தின்னாமல் அதைச் சொல்ல முடியாது. கிழவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"கிக்குவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் இவபுச்சி. "தண்ணி ஊத்தாம அரிசிய அடுப்புல வெச்சா. நான் சிரிச்சேன். கேலி பண்ணினேன். ரெண்டு வருஷத்துல என்னையே யாருன்னு கேட்டா." குடையை மாற்றிப் பிடித்தார். "அன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அதான் சொல்ல வந்தேன்."

வேணும்னுதான் வைக்கலை என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் இந்த மனுஷன் நேரே ஃபுசாகோ வாசலில் போய் நின்று, "அப்போ நீங்க எதைத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நாலே வீடு. சாகும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாகவேண்டும்.

"கவனப்பிசகு, இவபுச்சி சான். மன்னிச்சுக்குங்க."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ம்" என்றார். போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கதகிரி அம்மாள் வந்தாள். தனியாக இருக்கும் வயசானவர்களை அந்த வட்டாரத்தில் விசாரித்துக்கொள்கிறவள். நல்லவள், கையில் எப்போதும் ஒரு காகித உறை. இவபுச்சி அவளிடம் போயிருந்தார். துணைக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தேவலை என்று கதகிரி பக்கத்து வீட்டிலிருந்து ஃபுசாகோவையும் அழைத்து வந்திருந்தாள். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்லைங்க, சும்மா பேசிட்டுப் போகலாம்னுதான்," என்றாள் கதகிரி. "போன வியாழக்கிழமை பன்னுல பூரணம் வைக்க மறந்துட்டீங்கன்னு இவபுச்சி சான் சொன்னாரு. ரொம்ப விசனப்பட்டாரு மனுஷன்."

ஃபுசாகோவின் முகத்தில் ஈயாடவில்லை.

கதகிரி அவள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் குடுத்தாங்கள்ல, ஃபுசாகோ சான்? உங்களோடதுல பூரணம் இருந்துச்சா?"

சின்னக் கேள்விதான். இருந்தது என்றால் பொய். இல்லை என்றால் சனிக்கிழமை சொன்னது பொய். ஃபுசாகோவின் கண் மேசையிலிருந்து மெல்ல எழுந்து மிட்சுயோவிடம் வந்தது. மிட்சுயோ மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை என்று அந்தக் கணத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று மிட்சுயோவுக்கும் தெரிந்தது.  ஃபுசாகோவின் உதடு திறந்தது, மூடியது.

இப்போது ஒரு வார்த்தை போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று மிட்சுயோ காத்திருந்தாள். 'நான் தின்னவே இல்ல' என்று ஃபுசாகோ சொல்லட்டும். அதன் பிறகு தானும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ரெண்டு பேரும் அழலாம், சிரிக்கலாம், முப்பது வருஷத்தை அப்படியே தூக்கி நிறுத்திவிடலாம்.

ஃபுசாகோ தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல்கள் பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன.

"எல்லாத்துலயும்தான் மறந்துட்டேன்," என்றாள் மிட்சுயோ. "ஃபுசாகோ சானுக்குத் தெரியும். என் மனசு நோகக் கூடாதேன்னு சொல்லாம விட்டுட்டாங்க. அவங்க சுபாவம் அப்படி."

ஃபுசாகோவின் நெற்றி மேசையில் படும் அளவுக்குத் தாழ்ந்தது. கதகிரி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு உறையைத் திறந்தாள். இன்று என்ன தேதி? மிட்சுயோ சரியாகச் சொன்னாள். என்ன கிழமை? ஒரு நொடி யோசித்தாள். சரியாகச் சொன்னால் அந்தப் பேச்சு இங்கேயே நின்றுவிடாது, அப்போ பன்னில் மட்டும் எப்படி மறந்தது என்று மறுபடி ஆரம்பிக்கும்.

"கிழமைதான் வரவர மறந்துபோகுது," என்றாள்.

கதகிரி எழுதிக்கொண்டாள்.

மற்றதெல்லாம் சட்டுப்புட்டென்று நடந்தது. அன்றே யோஷிகிக்குப் போன் போயிற்று. "அம்மா, இனிமே அடுப்புப் பக்கம் போகாத, தீ கீ பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்றான். மறுநாள் லீவு போட்டு நாகோயாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பன் சுடும் அடுப்பின் வயரைப் பிடுங்கி, சுற்றி, பின்சீட்டில் ஏற்றினான். டாக்டரிடம் தேதி வாங்கினான். போகும்போது சந்தில் எல்லார் வீட்டுக்கும் போய், அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலை வணங்கி, ஆளுக்கொரு டப்பா இனிப்புக் கொடுத்தான். அடுப்பு இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. ஐந்து மணிக்கே அவளுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. வேலை ஒன்றும் இல்லை. மூன்று மணி ஆனதும், எங்கே போக என்று தெரியாமல் வாசலுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். முந்தின நாள் வரை பெய்த மழையில் தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் இவபுச்சி நின்றிருந்தார். சட்டையை மாற்றித் தலை சீவியிருந்தார். கையில் அவளுடைய டப்பா. போன வியாழனிலிருந்து திருப்பித் தராத டப்பா. உள்ளே என்னவோ இருந்தது: தோட்டத்துப் பட்டாணி, ஒரு பிடி, தோல் உரித்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"வந்து..." என்றார். தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு வியாழக்கிழமைதானே, உட்சுமி சான்?"

ஃபுசாகோ வீட்டு ஜன்னல் திரை லேசாக அசைந்தது. மிட்சுயோ அதைப் பார்த்தாள். பிறகு கிழவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் ஒரு சின்ன ஆசை இருந்தது. கிழமை அவளுக்குத் தெரியும் என்று அவர் நம்ப விரும்பினார்.

"அப்படிங்களா?" என்றாள். "எனக்கு ஞாபகமே இல்லீங்க."

இவபுச்சி தலையை ஆட்டினார். டப்பாவை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார், தன் மனைவிக்குச் செய்து பழகியவர் போல. பிறகு சந்துக் கடைசியை நோக்கி நடந்தார்.